ஆடு தின்னாத இடம்

சயான் ரயில் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது ஒரு அம்மா என்னை நிறுத்தினாள்.

"தம்பி, அந்தச் சுமையை இங்கன இறக்கிட்டுப் போயேன். அடுப்புக்கு ஆகும்."

"ஆகாதும்மா. இது அரளி."

"அரளின்னா நெருப்புக்குத் தெரியுமாக்கும்?"

"புகைக்குத் தெரியும்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பெரிய மகாராசா. ஓங் குப்பையை நீயே கட்டிக்கிட்டு அழு" என்று திரும்பிப் போனாள்.

தாராவியை விட்டுக் கிளம்பியதிலிருந்து இது மூன்றாவது முறை. முதலில் ஒருவர் கோழிக்கூட்டுக்கு மறைப்பு வைக்கக் கேட்டார். அடுத்து ஒரு கறவை எருமை கேட்டது, அதாவது பின்னாலிருந்து வந்து தலைச்சுமையில் வாயை வைத்தது. அதைத் துரத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்திருந்தேன். இருபது வயது, மே மாத வெயில், முந்தின இரவுக்குப் பின் ஒன்றும் சாப்பிடவில்லை. இந்தத் தழைக்கட்டை ஒரு உயிரும் வாய் வைக்காத இடத்தில் போட வேண்டும். அதைச் செய்து முடித்தால்தான் நான் குடியிருந்த வீட்டுக்குள் திரும்பவும் கால் வைக்க முடியும்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் எங்கள் குடியிருப்புத் தோட்டத்துக்கு வந்த ஒரு இயந்திரம். கிளையை ஒரு வாயில் கொடுத்தால் மறு வாயில் தூளாகக் கக்குகிறது. தோட்டப் பொறுப்பில் இருப்பவர் அதைக் காட்டிவிட்டு, "அந்தக் காலத்துல வெட்டினதையெல்லாம் எங்க சார் கொண்டு போட்டீங்க?" என்று கேட்டார். முப்பத்துநாலு வருடம் வேலி வெட்டியவன் நான். அவர் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நின்றது என்பதைவிட நான் எழுந்து வந்துவிட்டேன் என்பதுதான் சரி. பதினைந்து வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தேன். தாராவியில் தோலுக்கு உப்புப் போடும் வேலை ஏழு மாதம், மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்த்தது நான்கு மாதம், துறைமுகத்தில் மூட்டை, ஒரு சோடா கம்பெனியில் புட்டி கழுவியது, மறுபடியும் உப்பு. உப்பு விரலிடுக்கில் வெடிப்பு உண்டாக்கும், அது ஆறாது. ஆனால் நான் வேலைகளை விட்டதற்கு அது காரணமில்லை. ஒரு வேலை எனக்கு முழுக்கப் புரிந்துவிட்டால் அதற்குமேல் அங்கே கால் நிற்காது. தோல் ஏன் அழுகாமல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு நாளைக்கும் அதே தோலுக்கு அதே உப்பை ஏன் போட வேண்டும் என்று தோன்றும்.

தங்கியது மட்டும் ஒரே இடம். உப்புக் கிடங்கில் பழக்கமான எங்கள் ஊர்ப்பக்கத்து மைதீன் அண்ணாச்சி தன் வீட்டுப் பரணில் எனக்குப் படுக்க இடம் கொடுத்திருந்தார். நான் எத்தனை வேலை மாறினாலும் அவர் பரணை மாற்றவில்லை.

செம்பூரில் ஒருநாள் சும்மா நடந்துகொண்டிருந்தபோதுதான் சகாராம் மாமாவைப் பார்த்தேன். ஒரு பங்களாவின் மருதாணி வேலிக்குள் வலது கையைத் தோள்வரை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். பாம்பு பிடிக்கிறாரா, பணம் தேடுகிறாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் போய், "என்ன தேடறீங்க?" என்று இந்தியில் கேட்டேன்.

"கை உள்ளே இருக்கும்போது பேசாதே" என்றார்.

பத்து நிமிடம் கழித்துக் கையை எடுத்தார். அன்று மாலைவரை அவர் வெட்டியதை நான் அள்ளினேன். மறுநாளும் போனேன். வேலைக்குச் சேர்ந்தது அவ்வளவுதான்.

மாமா ரத்னகிரிக்காரர். ஒல்லி, வெள்ளைத் தொப்பி, காக்கி அரைக்கால் சட்டை. பேசினால் பம்பாய் இந்தி. ஆனால் ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் தாண்டாது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். ஏன் என்று சொல்லமாட்டார். கேட்டால் காது கேளாதவர்போல வேறு பக்கம் பார்ப்பார். எனக்கு ஏன் என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. அதனால் அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து நானே காரணம் கண்டுபிடித்துக்கொள்வேன். உப்புக் கிடங்கில் ஏழு மாதத்தில் முடிந்துபோன விஷயம் இங்கே ஒரு வருடமாகியும் முடியவில்லை.

உள்ளே கை விட்டது எதற்கென்று மூன்றாவது வாரம் தெரிந்தது. குளவிக்கூடு, பழைய முள்கம்பி, குருவி முட்டை இவற்றை முதலில் கையால் பார்த்துவிட வேண்டும். அதைவிட முக்கியம், போன தடவை வெட்டியவன் எந்த இடத்தில் வெட்டினான் என்பது. அந்த முடிச்சு கைக்குத் தட்டும். அதற்குக் கொஞ்சம் மேலே வெட்டினால் துளிர்க்கும், வெகுவாகக் கீழே போனால் மொட்டையாக நின்றுவிடும்.

அடுத்து, தரையில் கோணியை விரிப்பார். ஒரு இலைகூட மண்ணில் விழக்கூடாது. இரண்டு முனையிலும் மூங்கில் குச்சி நட்டுச் சணல் கயிறு கட்டுவார். கத்தரியை அடியிலிருந்து மேலே கொண்டுபோவார், மேலிருந்து கீழே ஒருபோதும் இல்லை. அடிப்பக்கம் அகலம், உச்சி குறுகல். எல்லாரும் நேர்ச்சுவராக வெட்டும்போது இவர் மட்டும் ஏன் இப்படிச் சாய்க்கிறார் என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தேன். நேராக வெட்டிய பக்கத்து வீட்டு வேலி அடியில் காய்ந்து ஓட்டை விழுந்து, அதன் வழியாக ஒரு நாய் வந்து போவதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. உச்சி குடைபிடித்தால் அடிக்கு வெயில் கிடையாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் மூன்று குவியல். இலை ஒன்று, சிம்பு என்கிற சிறுகுச்சி ஒன்று, விறகாகும் கொம்பு ஒன்று. இலை ஆட்டுக்கு, சிம்பு தோட்டத்துக் குழிக்கு, கொம்பு அடுப்புக்கு. ஆட்டுக்கு என்றால் மைதீன் அண்ணாச்சியின் ஆட்டுக்கு. அவரிடம் ஒரு வெள்ளைக் கறவையும் ஒரு கிடாவும் இருந்தன. அந்த வழியைத் திறந்துவிட்டவன் நான்தான். முன்பெல்லாம் இலையும் கைவண்டியில் தேவ்நார் குப்பைமேட்டுக்குப் போகும். நான் வந்தபின் மாலையில் ஒரு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தாராவிக்கு நடந்துவிடுவேன். கிடா என் செருப்புச் சத்தம் கேட்டே கத்தும். அதை பக்ரீதுக்கென்று குட்டியிலிருந்து வளர்த்தார் அண்ணாச்சி. நான் அவரைப் பார்த்த வருடங்களில் முதல்முறையாக அவர் சொந்த ஆட்டைப் பலி கொடுக்கும் குர்பானி. தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

பார்வதி மாமி வீட்டு வேலி அந்த மே மாதத்தில் வந்தது. பாலக்காட்டுக் குடும்பம். கணவர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வெட்டுவாராம். அவர் போய் ஆறு வருடமாக யாரும் தொடவில்லை. வேலி பத்தடி உயர்ந்து நடைபாதை மேல் சாய்ந்து, ஆட்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். தபால்காரர் வாசலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார் என்று மாமி சொன்னாள்.

மாமா கையை உள்ளே விட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம். வெளியே எடுத்து விரலை முகர்ந்தார்.

"உள்ளே அரளி" என்றார்.

வெளியே பார்த்தால் மருதாணி. நடுவில், ஆளுயரத்துக்கு, வரிசையாகச் செவ்வரளி. பூஜைக்குப் பூ வேண்டும் என்று மாமியின் கணவர் வேலியோடு வேலியாக வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, ஒன்றை இழுத்தால் மற்றது கூடவே வந்தது. சாலைப் பக்கத்தை மட்டும் இந்த வருடம் இறக்குவோம், உட்பக்கம் துளிர்த்துப் பிடித்தபின் அடுத்த வருடம் என்று மாமா முடிவு செய்தார். மூன்று நாள் வேலை. ரம்பம், அரிவாள், கத்தரி மூன்றும் ஓடின.

முதல் நாளே சொன்னார்: "இந்த வேலிக்கு ஒரே குவியல். எல்லாம் தேவ்நார். ஆட்டுக்கு இல்லை, அடுப்புக்கு இல்லை."

"ஏன் மாமா?"

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

கைவண்டிக்காரன் வரவில்லை. இரண்டு நாள் வெயிலில் குவியல் வாடிக் கிடந்தது. அதில் பாதிக்குமேல் மருதாணி. அங்கே தாராவியில் கோடையில் ஒரு பச்சை கிடையாது, கிடா சுவரொட்டியை நக்கிக்கொண்டு நிற்கும். அரளியைப் பற்றி எனக்கு ரத்னகிரிக்காரர் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் தோட்டத்தைச் சுற்றி அரளி நிற்கும். ஆட்டுமந்தை அதை உரசிக்கொண்டு போகும், ஒரு ஆடு தலையைத் திருப்பாது. கசப்பு அதற்குத் தெரியும். ஆகவே கட்டைப் போட்டால் மருதாணியைத் தின்றுவிட்டு அரளியை ஒதுக்கிவிடும், நான் மெனக்கெட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. இப்படிக் காரணத்தோடு, நன்றாக யோசித்து, அந்தத் தப்பைச் செய்தேன். அன்று மாலை ஒரு பெரிய கட்டைக் கொண்டுபோய்ப் பாதியை ஆட்டுக்குப் போட்டேன். மீதியைக் கூரையில் வைத்தேன்.

விடியும்போது கீழே ஆட்கள் பேசும் சத்தம். பரணிலிருந்து எட்டிப் பார்த்தேன். கிடா காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. வாயில் நுரை. வயிறு ஊதியிருந்தது. வெள்ளைக் கறவை சுவரோரம் தலையைத் தொங்கவிட்டு நின்றது.

"கெமிக்கல் தண்ணியக் குடிச்சிருக்கும்" என்றார் ஒருவர்.

"எதக் குடிச்சா என்ன. உசிரு இருக்கும்போதே அறுத்துரும் பாய். கறியாவது மிஞ்சும்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார். கல்லில் தீட்டத் தொடங்கினார். அதற்குள் இரண்டு மூன்று வீட்டிலிருந்து பாத்திரம் வந்துவிட்டது. கிடாவின் கடைவாயில் நீளமான ஒரு இலை ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்திருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு அது இலை. தொழுவத்தில் மருதாணியும் மிஞ்சவில்லை, அரளியும் மிஞ்சவில்லை.

நான் உடனே சொல்லவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. சொல்லாவிட்டால் பழி கெமிக்கல் தண்ணீர்மேல் போகும், பரண் எனக்கு இருக்கும். விஷம் தின்ற ஆட்டின் கறி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். கத்தி கல்லில் போய்வந்துகொண்டிருந்தது. அப்போது அண்ணாச்சியின் மனைவி ஆயிஷாக்கா மேலே பார்த்து, "சுடலை, முழிச்சிட்டியா? ஒனக்கு ஈரல் எடுத்து வைக்கேன், வேலைக்குப் போயிராத" என்றாள்.

இறங்கிப் போய், "அறுக்காதீங்க அண்ணாச்சி. அது அரளி தின்னிருக்கு. நாந்தான் போட்டேன்" என்றேன்.

கத்தி நின்றது.

"தெரியாமப் போட்டியா?"

"தெரிஞ்சுதான். ஆடு அரளியக் கடிக்காதுன்னு நெனச்சேன். நம்மூர் ஆடு..."

"இது நம்மூர் ஆடாலே?" அவர் சத்தம் போடவில்லை. "இங்கனயே பொறந்து சுவரொட்டி தின்னு வளந்த ஆடு. அரளின்னா என்னன்னு அதுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

பாத்திரம் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். தோலையாவது உரிக்கலாமே என்று ஒருவர் கேட்டபோது அண்ணாச்சி கத்தியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். தகரக் கூரையில் வெயில் படும்போது கிடா செத்தது. ஆயிஷாக்கா கறவைக்குக் கஞ்சித் தண்ணீரும் கரியும் கலந்து புகட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அன்று காலை கறந்த பாலைச் சாக்கடையில் ஊற்றியிருந்தாள்.

அண்ணாச்சி கூரையில் இருந்த மிச்சக் கட்டை இழுத்து என் காலடியில் போட்டார்.

"இதை எவன் ஆடும் தின்னாத இடத்துல போட்டுட்டு வா. அதுக்கப்புறம் எம் மூஞ்சியில முழி."

பல வருடம் கழித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைக் கேட்டேன். வாடிய அரளியில் கசப்பு குறைந்துவிடும், விஷம் குறையாது என்றார். எதைத் தின்னக்கூடாது என்பதைக் குட்டி தாயோடு மேய்ந்துதான் கற்கிறது, கட்டிப்போட்டு வளர்த்த ஆட்டுக்கு அது தெரியாது என்றும் சொன்னார். அண்ணாச்சி சொன்னதும் அதேதான்.

சயானிலிருந்து செம்பூருக்குப் போய் அங்கே நிற்காமல் நேராகத் தேவ்நாருக்கு நடந்தேன். மாமா சொன்ன இடம் அதுதானே. அவர் சொன்னபடி முதலிலேயே செய்திருந்தால் ஒன்றுமில்லை என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு போனேன். குப்பைமேட்டின் நாற்றம் முன்னால் வந்தது, பிறகு புகை, பிறகு பருந்துகள். மேட்டின்மேல் ஏறி நின்று பார்த்தேன்.

மேடெங்கும் ஆடுகள். ஓட்டல் எச்சில் இலை வந்து விழும் இடத்தில் ஒரு கூட்டம், காய்கறி மார்க்கெட் கழிவில் இன்னொரு கூட்டம். குட்டிகள் புகைக்குள் ஓடிப் பிடித்து விளையாடின. கழிவில் குச்சி பொறுக்கிய ஒரு பெண் என் தலைச்சுமையைப் பார்த்துவிட்டு, "இங்கே போடு, இங்கே போடு" என்று மராட்டியில் கைகாட்டினாள். இரண்டு ஆடுகள் அவளுக்கு முன்னால் என்னை நோக்கி வந்தன.

சுமையை இறக்கவே இல்லை. திரும்பி நடந்தேன். கழுத்து நோவு ஒரு பக்கம். ஆனால் அப்போது என் மனதில் ஓடியது வேறு. மாமா இத்தனை வருடமாக இங்கே அனுப்பிய அரளி என்ன ஆயிற்று?

செம்பூரில் மாமியின் பங்களாவை அடையும்போது மாலை நான்கு மணி. மாமா வேலியின் கடைசி முனையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். கிடா செத்ததைச் சொல்லும்போது கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். தேவ்நார் ஆடுகளைச் சொன்னபோது கை நின்றது.

"எத்தனை ஆடு?"

"எண்ண முடியவில்லை மாமா."

"நீயே பார்த்தாயா?"

"மேலே ஏறி நின்று பார்த்தேன். நீங்க அங்கே போனதில்லையா?"

அவர் வேறு பக்கம் பார்க்கவில்லை. "வண்டிவரைக்கும்தான் என் வேலை" என்றார். "தேவ்நாருக்கு அனுப்பு என்று எனக்குச் சொன்னார்கள். நான் உனக்குச் சொன்னேன்." பிறகு உச்சி வெட்ட ஏறி நிற்கும் முக்காலியில் உட்கார்ந்தார். வெளிச்சம் இருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "இருபது வருஷம்" என்றார், என்னிடம் இல்லை.

எழுந்து கத்தரியை எடுத்துக் கோணியில் சுற்றினார். "இனி நான் சொல்கிறவரை நீ கத்தரியைத் தொடாதே."

"சரி மாமா."

"இதை எங்கே போடலாம்? நீ சொல்."

எரித்தால் புகையும் விஷம். கழிமுகத்தில் போட்டால் அலை ஒதுக்கும், எருமை தின்னும். நகரத்தில் தரைக்கு மேலே எங்கே வைத்தாலும் யாராவது எடுத்துக்கொள்வார்கள். காலையிலிருந்து நடந்ததில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "தரைக்குக் கீழேதான்" என்றேன்.

மாமியிடம் அனுமதி கேட்கப் போனேன். வராந்தாவில் பூத்தட்டோடு நின்றாள். கதையைக் கேட்டதும் தட்டில் இருந்த செவ்வரளியையே பார்த்தாள்.

"இதையா? தெனம் இதைத்தானே ஸ்வாமிக்கு வெக்கறேன். பாவம், வாயில்லா ஜீவன்." பிறகு, "கொல்லையிலே வேப்பமரத்தண்டை வெட்டிக்கோ. ஆனா ஒண்ணு, பாதியிலே நிறுத்தப்படாது. எங்காத்துக்காரர் அப்படித்தான், எதை ஆரம்பிச்சாலும் பாதியிலே விட்டுடுவார். அந்த வேலியையே பாரேன்" என்றாள்.

அன்றிரவு பங்களாவின் கொட்டகையில், குவியலுக்குக் காவலாகப் படுத்தேன். விடிந்ததும் மாமா ஒரு மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டுவந்து கொடுத்தார். ஆழம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் ஒரு முழம் செம்மண், பிறகு சரளை. இடுப்பளவு வந்தபோது கைவெடிப்பில் பழைய உப்புக்காயம் திறந்துகொண்டது. மார்பளவு வந்தபோது மேலே நிழல் விழுந்தது.

மைதீன் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, வேலி வெட்டுகிற மதராசி எங்கே என்று கேட்டுக்கேட்டு வந்திருக்கிறார். மாமாவுக்கு ஒரு சலாம் வைத்தார். மாமா தொப்பியைத் தொட்டார். குவியலை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு அண்ணாச்சி குழியருகே குந்தினார்.

"வெள்ளச்சி காலைல எந்திரிச்சிட்டா" என்றார். "அசை போடுதா."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எம்புட்டு ஆழம்லே?"

"நெஞ்சளவு, அண்ணாச்சி. போதும்னு நெனைக்கேன்."

"கிடாவுக்கே நாங்க கழுத்தளவு எடுத்தோம்." சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் போட்டுவிட்டுக் கடப்பாரைக்குக் கையை நீட்டினார். "இது அதைக் கொன்னது. இன்னும் ஒரு முழம் போ."